கட்டத்தில் அடங்காத இழப்பு

புயலோ வெள்ளமோ ஓய்ந்த மறுநாளே நம் அலுவலர்கள் சேதப் பதிவேட்டுடன் ஊருக்குள் நுழைவது வழக்கம். வீழ்ந்த குடிசை, இறந்த மாடு, சாய்ந்த தென்னை, உடைந்த படகு என ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு கட்டம் உண்டு. நிவாரணம் வழங்க அது இன்றியமையாதது. அதனைக் குறைகூற நாம் முன்வரவில்லை. 2018ஆம் ஆண்டுக் கஜா புயலுக்குப் பின் அப்பதிவேட்டைச் சுமந்து தெருத்தெருவாக நடந்தவர்களுள் நாமும் ஒருவர். ஆயினும் கட்டத்தில் அடங்காத இழப்பை என்ன செய்வது? ஜப்பான் நாட்டுக் கலைக்கூடம் ஒன்று இதற்குக் கண்ட விடையை வாசகர்கள் அறிதல் நலம்.

மியாகி மாகாணத்தில் கெசெனுமா என்னும் மீன்பிடித் துறைமுக நகரம் உள்ளது. அப்பகுதிக் கடற்கரை, ஆழ்ந்த குடாக்கள் பல கொண்டது. அகன்ற வாயினுள் புகும் பேரலை, உட்செல்லச் செல்லக் குடா குறுகுவதால் மேலும் உயர்ந்தெழுகிறது. 1896இல் அக்கரையோரம் ஏறத்தாழ 22,000 மக்களும், 1933இல் ஏறத்தாழ 3,000 மக்களும் மாண்டனர். 1960இல் சிலி நாட்டில் நேர்ந்த நிலநடுக்கத்தின் அலை பசிபிக் பெருங்கடலையே கடந்து வந்து தாக்கிற்று. ‘சுனாமி’ என்ற சொல்லே அவர்களுடையது. ‘துறைமுக அலை’ என்பது பொருள். நம் கரையோர மக்களுள் மிகப் பலர் அச்சொல்லைக் கேட்டதே 2004 டிசம்பர் 26க்குப் பின்னர்தான்.

இத்தகைய ஊரில் மறதிக்கு இடமிராது என்றே எவரும் எண்ணுவர். நடந்தது வேறு. அந்நகரத்துக் குன்றின்மேல் 1994இல் திறக்கப்பட்ட ரியாஸ் ஆர்க் கலைக்கூடம், 2006இல் ஒரு பொருட்காட்சி நடத்தியது. 1896ஆம் ஆண்டுப் பேரழிவைக் குறித்து அக்காலத்துப் படப் பத்திரிகையில் வெளிவந்த சித்திரங்கள் அதில் வைக்கப்பட்டன. பார்க்க வந்தவர் சிலரே. ஐந்தாண்டுகள் கழிந்து, 2011 மார்ச் 11 அன்று, 9.0 அளவுள்ள நிலநடுக்கமும் அதன் பேரலையும் வந்தன. கெசெனுமாவில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காணாமற்போயினர்.

கட்டடம் குன்றின்மேல் இருந்ததால் அலைக்குத் தப்பிற்று. அங்குப் பணிபுரிந்தோர் ஏறத்தாழ இரண்டாண்டுகள் சிதைந்த தெருக்களில் அலைந்து புகைப்படம் எடுத்தனர். சேற்றில் கிடந்த பொருள்களையும் திரட்டினர். இவ்வாறு சேர்ந்தவற்றுள் 203 புகைப்படங்களும் 155 பொருள்களும் 2013 ஏப்ரல் முதல் நிலையான காட்சியாக வைக்கப்பட்டன. ஊரெங்கும் குவிந்து கிடந்தவற்றை எல்லோரும் ‘கரேகி’, அதாவது உதவாத இடிபாடு, என்றே கூறி வந்தனர். கலைக்கூடத்தார் அச்சொல்லை ஏற்கவில்லை. நேற்றுவரை ஒருவர் வீட்டில் புழங்கிய பொருள் எங்ஙனம் குப்பையாகும்? ஆகவே, ‘பேரிடருக்குள்ளான பொருள்’ எனப் பொருள்படும் வேறொரு சொல்லை வழங்கினர்.

அங்குள்ள ஒரு மின்சார அரிசிக் குக்கரைப் பாருங்கள். அதனருகே அஞ்சலட்டை அளவில் ஒரு குறிப்பு, வட்டார வழக்கிலேயே, ஒரு பெண்மணி பேசுவதுபோல் அமைந்துள்ளது. எழுவர் கொண்ட குடும்பத்துக்கு வாங்கிய பெரிய குக்கர் அது. இப்போது கணவனும் மனைவியும் மட்டுமே இருப்பினும், பண்டிகைக்குப் பேரன் பேத்திகள் வருவார்களே என்று சிறியதொன்று வாங்கவில்லை. அலை வடிந்தபின் அதனைக் கண்டெடுத்துக் கரிய சேற்றைக் கொட்டினாள். சேற்றோடு வெள்ளைச் சோறும் வந்து விழுந்தது. இரவுக்கென்று காலையிலேயே வடித்து வைத்த சோறு.

இக்குறிப்புகள் எழுத்துக்கு எழுத்து வாக்குமூலங்கள் அல்ல. மக்களிடம் கேட்டறிந்தவற்றைக் கொண்டு கலைக்கூடத்தார் புனைந்தவை. அருங்காட்சியகத்தில் புனைவு தகுமா என்று வினவுவோர் உண்டு. ஆவணமே வேதம் என்று பழகிய நமக்கும் முதலில் அத்தயக்கம் எழுந்தது. ஆனால், நூறாண்டு முந்தைய சித்திரத்தைக் கண்டவர் அது யாருக்கோ நேர்ந்தது என்று கருதலாம். குக்கரைக் கண்டவர் அவ்வாறு கருத முடியாது. எண்ணிக்கையும் தொகையும் மட்டும் எழுதிப் பழகிய பதிவேட்டில், சோற்றைப் பற்றி நாம் ஒருமுறையும் எழுதியதில்லை.

1896, 1933ஆம் ஆண்டுப் பேரலைகளைப் பற்றிய பழைய சான்றுகளும் இன்று அதே கூடத்தில், குக்கருக்கும் புகைப்படங்களுக்கும் துணையாக இடம்பெற்றுள்ளன.