திருடன் முகம் எங்கே? பெட்டியில் ஒன்றுமே இல்லை!
காமிரா மாட்டும் சங்கராபுரத்துக்காரர்கள் கவனத்துக்கு...

சங்கராபுரம்,

வாசலில் ஒரு காமிரா. கொல்லைப்புறத்தில் ஒரு காமிரா. கடையில் கல்லாப்பெட்டிக்கு நேர் மேலே இன்னொன்று. "நாலு காமிரா போட்டாச்சு, இனி என்ன பயம்?" என்று வீட்டைப் பூட்டிக்கொண்டு பெங்களூருக்கு பஸ் ஏறுகிறார்கள்.

திரும்பி வந்து பார்த்தால் பூட்டு உடைந்து கிடக்கிறது. பீரோ திறந்து கிடக்கிறது. போலீசார் வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "காமிரா இருக்கா?" என்பதுதான்.

இருக்கிறது. ஆனால் பெட்டியைப் போட்டுப் பார்த்தால் படம் இல்லை! சில வீடுகளில் பெட்டியே இல்லை. திருடன் அதையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்!

"மிளகாய்ப் பொடியைத் தூவிவிட்டு, காமிரா பதிவாகும் ஹார்டு டிஸ்க்கையும் எடுத்துச் சென்றனர்" என்ற வரியை மாலைப் பத்திரிகை படிப்பவர்கள் எத்தனை தடவை படித்திருப்பார்கள்!

சென்னையில் ஏ.கே.விசுவநாதன் போலீஸ் கமிஷனராக இருந்த 2017 முதல் 2020 வரையிலான காலத்தில், தெருவுக்குத் தெரு காமிரா மாட்டும் வேலை மும்முரமாக நடந்தது. "மூன்றாவது கண்" என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அந்தக் கண் இப்போது கல்வராயன் மலை அடிவாரம் வரை வந்துவிட்டது. ஆனால் கண் இருந்தால் போதுமா? பார்த்ததை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டாமா? அந்த வேலையைச் செய்வது காமிரா அல்ல. டி.வி.ஆர். என்கிற பதிவுப் பெட்டி.

சாத்தான்குளத்தில் நடந்தது என்ன?

இதற்கு தமிழ்நாடே பார்த்து அதிர்ந்த சாட்சி ஒன்று உண்டு.

2020-ம் ஆண்டு ஜூன் 19. தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளம். கொரோனா ஊரடங்கு நேரம். செல்போன் கடை வைத்திருந்த தந்தையையும் மகனையும் போலீசார் கைது செய்தார்கள். சில நாட்களில் இருவரும் அடுத்தடுத்து இறந்தார்கள்.

கடை வாசலில் தரையில் உருண்டு புரண்டு அவர்களே காயம் பட்டுக்கொண்டார்கள் என்பது போலீஸ் எழுதிய முதல் தகவல் அறிக்கை. ஆனால் பக்கத்துக் கடை காமிரா வேறு கதை சொன்னது. தந்தை போலீசாருடன் நடந்து போகிறார். உருளவும் இல்லை, புரளவும் இல்லை!

அப்படியானால் ஸ்டேஷனுக்குள் நடந்தது என்ன? அங்கேயும் காமிரா இருந்தது. ஐகோர்ட்டு மதுரைக் கிளை உத்தரவுப்படி விசாரிக்கப் போன கோவில்பட்டி மாஜிஸ்திரேட்டு, பதிவுப் பெட்டியைத் திறந்து பார்த்தார். 1 டி.பி. கொள்ளளவுள்ள ஹார்டு டிஸ்க். பல நாள் படம் தங்க தாராளமான இடம். ஆனால் அன்றன்றைய படம் அன்றன்றே தானாக அழிந்துவிடும்படி செட்டிங் வைக்கப்பட்டிருந்தது. 19-ந்தேதி முதல் நடந்த எதுவும் அதில் இல்லை என்று அவர் ஐகோர்ட்டுக்கு அறிக்கை அனுப்பினார்.

காமிரா நல்ல காமிரா. டிஸ்க்கும் பெரிய டிஸ்க். ஒரே ஒரு செட்டிங்!

அதே ஆண்டு டிசம்பர் 2-ந்தேதி, வேறொரு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு ஓர் உத்தரவு போட்டது. நாட்டில் உள்ள எல்லா போலீஸ் ஸ்டேஷன்களிலும் இருட்டிலும் தெரியும் காமிரா வேண்டும், படத்தை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், அதற்கு வசதி இல்லை என்றாலும் ஓர் ஆண்டுக்குக் குறையக்கூடாது என்றது.

"எத்தனை நாள் நிக்கும்ணே?"

போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓர் ஆண்டு. நம் வீட்டுக்கு?

கடைக்காரரிடம் கேட்டால், "ஒரு மாசம் தாராளமா நிக்கும்ணே" என்பார். அவர் பொய் சொல்கிறார் என்று சொல்ல முடியாது. கணக்குப் போட்டிருக்க மாட்டார், அவ்வளவுதான்.

கணக்கு ஒன்றும் கஷ்டம் இல்லை. 2 மெகா பிக்சல் காமிரா ஒன்று, வினாடிக்கு 2 மெகா பிட் வீதம் படம் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 21 ஜி.பி. ஆகும். நாலு காமிராவுக்கு 86 ஜி.பி. நீங்கள் வாங்கியதோ 1 டி.பி. டிஸ்க், அதாவது 1,000 ஜி.பி. வகுத்துப் பாருங்கள். 11 நாள்! பன்னிரண்டாம் நாள் முதல் நாள் படத்தின் மேலேயே புதுப் படம் ஏறிவிடும்.

பொங்கலுக்கு மகள் வீட்டுக்குப் போய் 15 நாள் கழித்து வருகிறவருக்கு, போன மறுநாளே திருட்டு நடந்திருந்தால் படம் கிடைக்காது.

இதற்கு வழி உண்டு. 2 டி.பி. டிஸ்க் போட்டால் நாள் இரட்டிப்பாகும். எச்.265 என்ற முறையில் படத்தைச் சுருக்கும் பெட்டியானால் பழைய எச்.264 பெட்டியைவிட இடம் நன்றாக மிச்சமாகும். ஆள் நடமாட்டம் இருக்கும்போது மட்டும் பதிவாகும்படியும் வைக்கலாம். ஆனால் மரக்கிளை ஆடினாலும் நடமாட்டம் என்று நினைத்து அது பதிவு செய்துகொண்டே இருக்கும் என்பது வேறு விஷயம்!

இன்னொரு ஏமாற்று வேலையும் நடக்கிறது. பழைய கம்ப்யூட்டரில் கழற்றிய டிஸ்க்கைத் துடைத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். இரவும் பகலும் ஓய்வில்லாமல் எழுதுவதற்கென்றே தனியாக டிஸ்க் விற்கிறது. பில்லில் அதன் மாடலை எழுதி வாங்குங்கள். "பில் போட்டா 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கூட வரும் சார்" என்பார்கள். பில் இல்லாவிட்டால் வாரண்டியும் இல்லை.

உச்சந்தலை மட்டும் தெரிகிறது!

இனி காமிரா. உருளை மாதிரி நீண்டிருப்பது வெளியே மாட்ட. கவிழ்த்த கிண்ணம் மாதிரி இருப்பது உள்ளே மாட்ட. இதைவிட முக்கியம் லென்ஸ்.

2.8 மி.மீ. லென்ஸ் தெருவையே அகலமாகக் காட்டும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் 10 அடி தூரத்துக்குள் வந்தால்தான் முகம் தெளிவாகத் தெரியும். 20 அடிக்கு அப்பால் போனால், தெரிந்தவர் என்றால் அடையாளம் சொல்லலாம். தெரியாதவர் என்றால் "யாரோ ஒரு ஆளு, லுங்கி கட்டியிருக்கான்" என்பதோடு சரி. 6 மி.மீ. லென்ஸ் குறுகலாகக் காட்டும். ஆனால் 25 அடியில்கூட முகம் பிடிபடும். எனவே கேட்டைப் பார்க்க ஒரு 6 மி.மீ., முற்றத்துக்கு ஒரு 2.8 மி.மீ. என்று கலந்து வாங்குவதே புத்திசாலித்தனம்.

"கைக்கு எட்டாத உயரம்" என்று மாடிக் கைப்பிடிச் சுவரில் மாட்டிவிடுகிறார்கள். அங்கிருந்து பார்த்தால் வருகிறவனின் உச்சந்தலைதான் தெரியும். 8 முதல் 10 அடி உயரம் போதும். அந்த உயரத்தில் தட்டிவிடுவானே என்றால், ஒரு காமிராவை இன்னொரு காமிரா பார்க்கிற மாதிரி மாட்டவேண்டும்.

கிழக்கு பார்த்த வாசலா? காலை வெயில் காமிராவின் கண்ணில் அடித்தால் ஆள் கருப்பு நிழலாகத்தான் விழுவான். கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி மாட்டச் சொல்லுங்கள்.

ராத்திரியில் இன்னொரு தொல்லை. இருட்டில் காமிரா நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வீசுகிறது. காமிரா பக்கம் பூச்சி வருகிறது. பூச்சியைத் தின்ன சிலந்தி வருகிறது. லென்ஸ் முன்னால் கூடு கட்டுகிறது. அந்த நூல் வெள்ளை வெளேரென்று பளபளத்து பாதிப் படத்தை மறைத்துவிடும். வயல் ஓரத்து வீடுகளில் இது வாரா வாரம் உள்ள கதை. நீளக் குச்சியில் துணி சுற்றித் துடைப்பதைத் தவிர வேறு வைத்தியம் கிடையாது.

தெரிந்தே வரும் திருடர்கள்

காமிராவைப் பார்த்தால் திருடன் ஓடிவிடுவானா?

2019 அக்டோபர் 2-ந்தேதி அதிகாலை. திருச்சி சத்திரம் பஸ் நிலையம் அருகே பெரிய நகைக்கடையில் சுவரில் ஓட்டை போட்டுப் புகுந்தார்கள். காமிரா அவர்களைப் படம் பிடித்தது. ஆனால் படத்தில் விழுந்ததோ முகமூடிகள்!

2021 டிசம்பரில் வேலூரில் ஒருவன் இன்னும் ஒரு படி மேலே போனான். முகத்தில் சிங்க முகமூடி. கையில் ஸ்பிரே பெயிண்ட். காமிராக் கண்களில் பெயிண்டை அடித்துவிட்டு சுமார் 15 கிலோ நகையை அள்ளிக்கொண்டு போனான். சில நாட்களில் பிடிபட்டான். ஒடுகத்தூர் சுடுகாட்டில் புதைத்து வைத்த நகைகளை போலீசார் தோண்டி எடுத்தார்கள்.

ஆக, காமிரா பூட்டுக்குப் பதில் அல்ல. பூட்டு பூட்டுதான்! ஆனாலும் முகமூடிக்காரன் வரும் வழியில் எங்கோ ஓர் இடத்தில் முகமூடி இல்லாமல்தானே நடந்து வந்திருப்பான்? 2016 ஜூன் 24-ந்தேதி காலை சென்னை நுங்கம்பாக்கம் ரெயில் நிலையத்தில் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டார். ஸ்டேஷனில் ஒரு காமிராகூட கிடையாது. ரெயில் நிலையத்தை ஒட்டிய தெருவில் தனியார் மாட்டியிருந்த காமிராவில்தான் ஓர் உருவம் சிக்கியது. அதை வைத்துத்தான் போலீசார் தேடலைத் தொடங்கினார்கள். உங்கள் வீட்டுக் காமிரா எதிர்த்த வீட்டுத் திருட்டுக்கும் சாட்சியாகலாம்.

பெட்டியை எங்கே வைப்பது?

பெரும்பாலான வீடுகளில் டி.வி.க்கு அடியில் வைத்து, சின்ன விளக்கு பளிச் பளிச்சென்று மின்ன, "வா, என்னை எடுத்துக்கொண்டு போ" என்று அழைக்கிறார்கள். பரண் மேலேயோ, காற்றோட்டமுள்ள பூட்டிய அலமாரியிலோ வையுங்கள். அடைத்த பெட்டிக்குள் வைத்தால் சூட்டில் டிஸ்க் கெட்டுவிடும்.

ஒயரில்லாத வை-பை காமிராக்களில் படம் உள்ளே இருக்கும் மெமரி கார்டில்தான் ஏறும். காமிராவைப் பிடுங்கினால் கார்டும் போச்சு! நெட் வழியாக வெளியே சேமிக்க மாதச் சந்தா கட்ட வேண்டும். கிணற்றடி மோட்டார் ஒயரைக் காப்பாற்ற சிம் கார்டு போட்ட சோலார் காமிரா வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். முதலில் அந்த இடத்தில் செல்போனில் சிக்னல் வருகிறதா என்று பார்த்துவிட்டு வாங்கட்டும். மலைப்பக்கம் போகப் போக சிக்னல் கண்ணாமூச்சி ஆடும்.

கரண்ட் போனால் எல்லாக் கண்ணும் மூடிக்கொள்ளும். நாலு காமிராவும் பெட்டியும் சேர்ந்து ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு யூனிட்தான் இழுக்கும். எனவே வீட்டு இன்வெர்ட்டரிலேயே இணைத்துவிடலாம். மெயினை அணைத்துவிட்டுப் படம் நிற்கிறதா, ஓடுகிறதா என்று பொருத்த வந்தவர் முன்னாலேயே சோதித்துப் பார்ப்பது நல்லது.

பாஸ்வேர்டு "அட்மின்"!

பொருத்துகிறவர் போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டையே பலர் வைத்திருக்கிறார்கள். இது எவ்வளவு பெரிய ஆபத்து தெரியுமா?

குஜராத் மாநிலம் ராஜ்கோட்டில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. சிகிச்சைக்கு வந்த பெண்களின் படங்கள் ஆஸ்பத்திரிக் காமிராவிலிருந்து திருடப்பட்டு, டெலிகிராமில் காசுக்கு விற்கப்பட்டன. 2025 பிப்ரவரியில் இந்தக் கொடுமை வெளியே வந்தது. அங்கே இருந்த பாஸ்வேர்டு "அட்மின்123"!

வீட்டு ஹாலுக்குள், படுக்கை அறைப் பக்கம் காமிரா மாட்டும் ஆசை உள்ளவர்கள் இதை இன்னொரு முறை படிக்கவும். பொருத்தியவர் போன பிறகு, நீங்களே உட்கார்ந்து பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள். வாங்கும்போதும் ஒரு கேள்வி கேளுங்கள். மத்திய அரசின் பாதுகாப்பு விதிப்படி சோதனையில் தேறிய காமிராக்களை மட்டுமே விற்க வேண்டும் என்ற உத்தரவு 2025 ஏப்ரல் 9-ந்தேதி அமலுக்கு வந்தது. "எஸ்.டி.க்யூ.சி. சான்று உள்ள மாடலா?" என்று கேட்டால் கடைக்காரர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

கோர்ட்டு ஏற்குமா?

திருட்டு நடந்துவிட்டது, படமும் இருக்கிறது. உடனே டி.வி. திரையை செல்போனில் படம் எடுத்து வாட்ஸ்-அப்பில் ஊரெல்லாம் அனுப்பிவிடுகிறார்கள். திருடனுக்கும் அது போய்ச் சேரும்! பெட்டியிலிருந்து நேராக பென் டிரைவில் நகல் எடுக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி, நகல் படத்துடன் சான்றிதழ் வேண்டும். பெட்டியை வைத்திருப்பவர் ஒரு பகுதியிலும், நிபுணர் மறு பகுதியிலும் கையெழுத்துப் போட வேண்டும்.

பெட்டியின் கடிகாரமும் சரியாக இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டால் கரண்ட் போய் வரும்போதெல்லாம் தேதி எங்கோ பின்னால் போய் நிற்கும். நேற்று ராத்திரி வந்த திருடன், பல வருஷத்துக்கு முன்னால் வந்ததாகப் பதிவாகியிருப்பான். எதிர்த் தரப்பு வக்கீலுக்கு வேறு என்ன வேண்டும்?

பக்கத்து வீட்டுச் சண்டை

கடைசியாக ஒரு தகராறு. ஒட்டு ஒட்டாக வீடுகள் உள்ள தெருக்களில், "உங்க காமிரா எங்க வீட்டு முற்றத்தைப் பாக்குது" என்று சண்டை கிளம்புகிறது. அது வெறும் வாய்ச்சண்டை அல்ல. கொல்கத்தாவில் ஒரே வீட்டில் குடியிருந்த அண்ணன் தம்பி வழக்கில், மற்றவர் சம்மதம் இல்லாமல் குடியிருப்புப் பகுதிக்குள் காமிரா வைப்பது அந்தரங்க உரிமையை மீறுவதாகும் என்று ஐகோர்ட்டு சொன்னது. 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டும் அதில் தலையிட மறுத்துவிட்டது.

காமிராவைத் திருப்ப இடம் இல்லை என்றால் அதற்கும் வழி இருக்கிறது. பெரும்பாலான பெட்டிகளில் "பிரைவசி மாஸ்க்" என்று ஒரு செட்டிங் உண்டு. பக்கத்து வீட்டு முற்றம் தெரியும் இடத்தில் மட்டும் கருப்புக் கட்டம் போட்டுவிடலாம். மவுசை நகர்த்தினால் ரெண்டு நிமிஷ வேலை. அந்த வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, திரையில் காட்டிவிட்டு அனுப்பினால் இன்னும் நல்லது.