தண்ணீருக்கு ஏங்காத களாச் செடி

பேக்கரியில் கேக்கின் உச்சியிலும் பன்னுக்குள்ளும் சிவப்பாக ஒரு பழத்துண்டு இருக்கும். 'செர்ரி' என்று சொல்லி விற்கிறார்கள். பெரும்பாலும் அது செர்ரியே அல்ல. விதை நீக்கி, சிவப்புச் சாயம் ஏற்றி, சர்க்கரைப் பாகில் ஊறவைத்த களாக்காய்தான்! வடநாட்டில் இதற்குக் 'கரோண்டா' என்று பெயர். ஆடு மேய்க்கும் பிள்ளைகள் காசில்லாமல் பறித்துத் தின்னும் காய், பெயரை மாற்றிக்கொண்டு கடையில் விலைக்கு வருகிறது.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய எருத்தேன்பதி போன்ற ஊர்களுக்கு ஏற்ற செடி இது. கேரளம் என்றாலே மழை என்று நினைப்பவர்கள் இந்தப் பக்கம் வந்து பார்க்க வேண்டும். மழை மறைவுப் பிரதேசம். 1970-ஆம் ஆண்டு பரம்பிக்குளம்–ஆளியாறு ஒப்பந்தப்படி சித்தூர்ப் பாசனத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் உண்டு என்றாலும், மேட்டு நிலங்கள் எல்லாவற்றிற்கும் அது எட்டுவதில்லை. குடம் தண்ணீருக்குக் காத்திருக்கும் வீட்டில் ரோஜாச் செடியை வைத்துவிட்டு வாடவிடுவதைவிட, ஒரு களாவை வைப்பது மேல்.

களாவில் இரண்டு வகை உண்டு. காட்டிலும் கரட்டிலும் தானாக முளைக்கும் சிறுகளாவின் பழம் சிறியது. பழுத்தால் கருத்து இனிக்கும். ஊறுகாய்க்கு ஏற்றது பெருங்களா. வீட்டுக்கு இதுவே நல்லது.

நன்றாகப் பழுத்த பழத்தின் விதையை எடுத்துக் கழுவி உடனே விதைக்க வேண்டும். காயவைத்துப் பொட்டலம் கட்டி அடுத்த வருஷத்துக்கு வைத்தால் முளைக்காது. பலர் ஏமாறுவது இங்கேதான். நாற்று மெதுவாகவே வளரும். ஒரு வருஷம் பையில் வளர்த்து, மழைக் காலத் தொடக்கத்தில் ஒன்றரை அடிக் குழியில் மக்கிய சாணத்தோடு நடலாம். சித்தூர் வட்டத்தில் பல இடங்களில் கரிசல் மண். அது மழையில் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். களா வெயிலைத் தாங்கும், வேரில் நிற்கும் தண்ணீரைத் தாங்காது. ஆகவே கரிசலில் மேடு கட்டி நடுவதே முறை. வேலிக்கென்றால் இரண்டு, மூன்றடிக்கு ஒரு செடி.

முதல் இரண்டு கோடைக்கு மட்டும் வாரம் ஒரு குடம் போதும். பிறகு கணவாய்க் காற்று எவ்வளவு வறட்டினாலும் தாங்கிக்கொள்ளும். விதைச் செடி மூன்றாம் வருஷம் போலக் காய்க்கத் தொடங்கும். மல்லிகை போன்ற வெள்ளைப் பூ கிளை நுனியில் வரும். ஆகவே பூக்கும் முன் கத்தரிப்பவர்களுக்குக் காய் கிடையாது. பறித்து முடித்தபின் கத்தரிக்க வேண்டும். வாடகை வீட்டுக்காரர்கள் பெரிய தொட்டியில் வைக்கலாம். காய் குறைவாக இருக்கும், அவ்வளவுதான். முள் கடுமையானது. குழந்தைகள் ஓடும் நடைபாதையில் வைக்க வேண்டாம்.

'எட்டாத பலாக்காயைவிடக் கையில் இருக்கும் களாக்காய் மேல்' என்று பழமொழி உண்டு. ஆனால் அந்தக் களாக்காயே இப்போது கைக்கு எட்டாமல் போகிறது. நிலம் மனையாகப் பிரிந்தால் முதலில் வெட்டுப்படுவது உயிர்வேலிதான். கல்தூணும் முள்கம்பியும் ஆட்டைத் தடுக்கும், ஊறுகாய் தராது. உயிர்வேலியில் கூடுகட்டிய குருவிக்கும் இடமில்லை.

காய் பச்சையாக, இளஞ்சிவப்பு ஏறும் தறுவாயில் பறித்தால் ஊறுகாய்க்குச் சரி. காம்பில் பால் வடியும். உப்புத் தண்ணீரில் சற்று நேரம் போட்டு எடுத்தால் பிசுக்குப் போகும். பிறகு கீறி விதையை நீக்கி, உப்பில் இரண்டு நாள் ஊறவைத்து, மிளகாய்த் தூளும் வெந்தயப் பொடியும் சேர்த்து நல்லெண்ணெய் காய்ச்சி ஊற்ற வேண்டியதுதான். புளி தீர்ந்துபோன நாளில் நாலு காயைப் பருப்பில் தட்டிப் போட்டாலும் குழம்பு ஒப்பேறிவிடும்.