பழம் போதும், பாட்டில் வேண்டாம்

ஆனிப் பௌர்ணமியை ஒட்டிக் காரைக்காலில் மாங்கனித் திருவிழா. பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழங்களை இறைப்பார்கள். கீழே நிற்பவர்கள் முந்தானையிலும் துண்டிலும் ஏந்திக்கொள்வார்கள். ஏறக்குறைய அதே நாட்களில் தள்ளுவண்டிகளில் நாவல்பழமும் வந்துவிடும். இதயத்துக்கு நல்ல பழம் எது என்று பேச இதைவிடப் பொருத்தமான மாதம் கிடையாது.

பேசவேண்டிய தேவையும் இருக்கிறது. 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி, காரைக்கால் அடங்கிய புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் பெரியவர்களில் 26.3 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். நாட்டின் சராசரி 11.4. கோவா மட்டுமே ஒரு நூலிழை முன்னால் நிற்கிறது. நாள்பட்ட சர்க்கரை முதலில் கெடுப்பது ரத்தக்குழாய்களைத்தான்.

துவர்ப்பில் இருக்கும் சத்து

நாவல்பழத்தைக் கடித்ததும் நாக்கு ஊதாவாகும், வாய் இழுக்கும். அந்த ஊதா ஆந்தோசயனின். இழுப்புக்குக் காரணம் டானின்; அது உமிழ்நீரில் உள்ள புரதங்களைப் பிடித்துக்கொள்வதால் வாய் வறண்டதுபோல் ஆகிறது. இரண்டுமே பாலிஃபீனால் குடும்பம். மாம்பழத்தில் இருப்பது மாஞ்சிஃபெரின். சதையைவிடத் தோலில் அதிகம். நெல்லி, கொய்யா, மாதுளை, கறுப்புத் திராட்சை எல்லாம் இந்த வரிசைதான்.

குழாயின் உள்சுவர்

ரத்தக்குழாயின் உள்பக்கத்தில் ஒரே ஒரு செல் கனத்தில் ஒரு படலம் இருக்கிறது. அது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரக்கும்போது குழாய் தளர்ந்து விரிகிறது, ரத்த அழுத்தம் தணிகிறது. இதைக் கண்டறிந்த மூவருக்கு 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது. புகை, சர்க்கரை, உயர் ரத்த அழுத்தம் மூன்றும் இந்தச் சுரப்பைக் குறைக்கின்றன. பாலிஃபீனால்கள் சுரப்புக்குக் கை கொடுக்கின்றன. சாப்பிட்ட பாலிஃபீனாலில் கொஞ்சம்தான் நேரே ரத்தத்தில் சேர்கிறது. பெரும்பகுதி பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியாக்கள் சிறு மூலக்கூறுகளாக உடைத்த பிறகுதான் உடலுக்குப் பயன்படுகிறது. அந்த பாக்டீரியாக்களுக்குத் தீனி நார்ச்சத்து. பழத்தைப் பழமாகவே தின்னச் சொல்வதற்கு இது முக்கியமான காரணம்.

சீனாவில் 5 லட்சம் பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2016-இல் வெளியானது. தினமும் பழம் சாப்பிட்டவர்களிடையே, அரிதாகச் சாப்பிட்டவர்களைவிட இதய, ரத்தக்குழாய் நோய் மரணங்கள் சுமார் 40 சதவீதம் குறைவு. பழம் வாங்க வசதி உள்ளவர்கள் மற்ற வகையிலும் நலமாக இருந்திருக்கலாம் என்பதால் முழுப் பெருமையையும் பழத்துக்கே கொடுத்துவிட முடியாது. சத்தை மட்டும் பிரித்துக் கொடுத்தால் என்ன ஆகும்? அமெரிக்காவில் 21,442 முதியவர்களிடம் கோகோ பாலிஃபீனாலை மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 2022-இல் வந்த முடிவில் இதய நோய் மரணங்கள் குறைந்திருந்தன; ஆனால் மாரடைப்பு, பக்கவாதம் எல்லாவற்றையும் சேர்த்த மொத்தக் கணக்கில் உறுதியான குறைவு இல்லை. மாத்திரைக்குக் கொடுக்கும் காசைப் பழக்கடையில் கொடுப்பதே மேல் என்பது என் கருத்து.

ஜூஸும் உப்புமிளகாயும்

ஜூஸ் போட்டு வடிகட்டினால் நார் போய்விடுகிறது. கூடவே சர்க்கரை ஏறுகிறது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் சொன்ன அளவு நாளைக்கு 100 கிராம் பழம். நடுத்தரக் கொய்யா ஒன்று போதும். சர்க்கரை உள்ளவர்கள் வயிறு நிறையச் சோறு சாப்பிட்டுவிட்டு அதன்மேல் மாம்பழம் தின்னக் கூடாது. சோற்றைக் குறைத்துக்கொண்டு இரண்டு துண்டு சாப்பிடலாம். கொய்யாவைக் கீறி உப்புமிளகாய்த் தூளை அப்பிக் கொடுப்பார்கள். பிரஷர் உள்ளவர்கள் தூள் வேண்டாமென்று சொல்லி வாங்குங்கள். கருவாடு, ஊறுகாய் என்று கடற்கரைச் சாப்பாட்டில் ஏற்கெனவே உப்பு அதிகம்.

ஒயின் நல்லதா?

காரைக்காலில் இந்தக் கேள்விக்குத் தனி கனம் உண்டு; பக்கத்து மாவட்டங்களிலிருந்து குடிப்பதற்கென்றே இங்கே வருகிறார்கள். வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் நிறையத் தின்னும் பிரெஞ்சுக்காரர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருப்பதற்கு ஒயின் காரணமாகலாம் என்று 1992-இல் ஒரு கட்டுரை வந்தது. அன்று பிடித்த பேச்சு இன்னும் ஓயவில்லை. சிவப்பு ஒயினில் உள்ள ரெஸ்வெரட்ரால் என்ற பாலிஃபீனால் லிட்டருக்குச் சில மில்லிகிராம்தான். சோதனைகளில் கொடுத்ததோ நூற்றுக்கணக்கான மில்லிகிராம். பாதுகாப்பான குடி அளவு என்று எதுவுமே இல்லை என 2023-இல் உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்லிவிட்டது. திராட்சையின் நன்மை வேண்டுமென்றால் திராட்சையைக் கழுவித் தோலோடு தின்னுங்கள்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பழத்தின் பொட்டாசியம் ஆபத்தாகலாம். நட்சத்திரப்பழத்தை அவர்கள் தொடவே கூடாது. கொழுப்புக்கு ஆட்டர்வாஸ்டாட்டின் போன்ற மாத்திரை எடுப்பவர்கள் பப்ளிமாஸ் சாப்பிடும் முன் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சில மருந்துகளின் அளவை அது ரத்தத்தில் ஏற்றிவிடும்.

பழம் சாப்பிடத் தொடங்கிவிட்டோம் என்று பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நெஞ்சை அழுத்தும் வலி வந்து, வியர்த்து, கை, தாடை வரை பரவினால் வாயு என்று சோடா குடித்துக் காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவமனைக்குப் போய் இ.சி.ஜி. எடுத்துவிடுங்கள்.