எலும்புகள் சொன்னதும் சொல்லாததும்

உயர்நிலைப் பள்ளியில் வரலாறு படித்தவர்களுக்கு இந்தக் கேள்வி நன்றாகத் தெரிந்திருக்கும்: "இந்தச் சான்று எந்த அளவுக்கு நம்பத்தக்கது?" அதற்கான விடையை நான் ஒரு சூத்திரமாகவே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். எழுதியவர் யார் என்று பார்க்க வேண்டும். அவருக்கு ஏதாவது நோக்கம் இருந்தால், நம்பத்தக்கது அல்ல என்று எழுதிவிட வேண்டும். பெரும்பாலும் மதிப்பெண் கிடைத்துவிடும்.

பல்கலைக்கழகத்தின் இரண்டாம் ஆண்டில் அந்தச் சூத்திரத்தை என்னிடமிருந்து பறித்தவர், 850 ஆண்டுகளுக்கும் முன்னர் இறந்துபோன ஒரு சுவீடன் மன்னர்.

இடைக்கால ஐரோப்பா பற்றிய பாடத்தில், புனிதராகப் போற்றப்பட்ட ஓர் அரசரைப் பற்றி ஒப்படைப்பு எழுத வேண்டியிருந்தது. நான் ஒன்பதாம் எரிக் மன்னரைத் தேர்ந்தெடுத்தேன். ஸ்டாக்ஹோம் நகரின் சின்னத்தில் முடியணிந்து காட்சி தரும் முகம் இவருடையதுதான். ஆனால், அவர் வாழ்ந்த காலத்து ஆவணங்கள் மிகக் குறைவு. அவரைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படுபவை பெரும்பாலும் ஒரு புனித வரலாற்றிலிருந்து வருபவை. இன்று நமக்குக் கிடைக்கும் அதன் வடிவம் 1290களில், மன்னர் இறந்து ஏறத்தாழ 130 ஆண்டுகள் கழித்து எழுதப்பட்டது.

அந்த நூலின்படி எரிக் நீதி தவறாதவர். உடலை வருத்தி நோன்பிருந்தவர். பின்லாந்துக்குச் சிலுவைப் போர் நடத்தியவர். 1160 மே 18ஆம் தேதி உப்சாலாவில் அவர் தேவாலய வழிபாட்டில் இருந்தபோது, எதிரிகள் நெருங்கிவிட்டதாகச் செய்தி வருகிறது. வழிபாடு முடியும்வரை எழுந்திருக்க மறுக்கிறார். பிறகு வெளியே வந்து போரிடுகிறார். எதிரிகள் அவரைச் சூழ்ந்துகொள்கின்றனர். கீழே விழுந்தவரை மீண்டும் மீண்டும் வெட்டுகின்றனர். குற்றுயிராகக் கிடந்தவரை ஏளனம் செய்த பின் தலையைத் துண்டிக்கின்றனர். அவருடைய இரத்தம் சிந்திய இடத்தில் ஊற்று ஒன்று பொங்கியதாம்.

நான் சூத்திரத்தை எடுத்தேன். எழுதியவரின் நோக்கம், மன்னரைப் புனிதராக்குவது. எரிக்கின் மகன் கனூட் பின்னர் அரியணை ஏறியவர். தந்தை புனிதர் என்றால் மகனுக்கும் பெருமைதான். எனவே, இக்கதை முழுவதும் புனைவு என்று முடித்தேன். ஒப்படைப்பு திரும்பி வந்தபோது ஓரத்தில் விரிவுரையாளர் ஒரு கேள்வி எழுதியிருந்தார். 2014ல் உப்சாலா பேராலயத்தில் நடந்ததைப் படித்தீர்களா?

நான் படிக்கவில்லை. அன்றிரவே தேடிப் படித்தேன்.

எரிக்கின் எலும்புகள் என்று நம்பப்படுபவை 1257ஆம் ஆண்டிலிருந்து பேழையில் வைத்துப் பாதுகாக்கப்படுகின்றன. 2014 ஏப்ரல் மாதம் அந்தப் பேழை திறக்கப்பட்டது. எலும்பியல் பேராசிரியர் சபீன் ஸ்டென் தலைமையில் பல துறை ஆய்வாளர்கள் எலும்புகளை ஆராய்ந்தனர். முடிவுகள் 2016ல் வெளியாயின.

பேழைக்குள் 24 எலும்புகள் இருந்தன. அவற்றில் 23 ஒரே மனிதருடையவை. ஒரு கால் எலும்பு மட்டும் வேறொருவருடையது. அந்த மனிதர் 35 முதல் 40 வயதுக்குள் இறந்த ஓர் ஆண். உயரம் ஏறத்தாழ 171 சென்டிமீட்டர். கதிரியக்கக் கார்பன் சோதனை காட்டிய காலம், 1160 என்ற ஆண்டுடன் ஒத்துப்போனது. எலும்பின் அடர்த்தியோ இன்றைய இளம் வயதினரின் சராசரியைவிட ஏறத்தாழ 25 விழுக்காடு அதிகம். நன்றாக உண்டு, கடுமையாக உழைத்த உடல்.

உண்ணும் உணவின் வேதியியல் தடம் எலும்பில் பதிந்துவிடும். இந்த எலும்புகளில் ஆறு, ஏரி மீன்களை நிறையச் சாப்பிட்டதற்கான தடம் இருந்தது. இறைச்சியைத் தவிர்க்க வேண்டிய நோன்பு நாள்களில் கிறிஸ்தவர்கள் மீன் உண்டதோடு இது பொருந்துகிறது.

அடுத்து வந்த பகுதியை நான் இரண்டு முறை படித்தேன். மண்டையோட்டில் ஆறிப்போன பழைய காயங்கள். அவை முன்பு நடந்த போரில் பட்டவையாக இருக்கலாம். இறக்கும் நேரத்தில் விழுந்த வெட்டுகள் குறைந்தது ஒன்பது. அவற்றில் ஏழு கால்களில். விலா எலும்புகளில் ஒன்றுகூட இல்லை. அப்படியென்றால், உடலை இரும்பு வளையக் கவசம் காத்திருக்க வேண்டும். கால்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. முழங்காலுக்குக் கீழே பாதத்தின் பக்கமிருந்து விழுந்த வெட்டுகள், அவர் குப்புறக் கிடந்ததைக் காட்டுகின்றன. கழுத்து எலும்பு ஒன்று துண்டாக வெட்டப்பட்டிருந்தது. கவசத்தைக் கழற்றாமல் அப்படி வெட்ட முடியாது. ஆகவே, சண்டை முடிந்ததற்கும் தலை துண்டிக்கப்பட்டதற்கும் இடையில் சற்று நேரம் கழிந்திருக்கிறது.

முதலில் வீழ்த்தினர், பிறகு ஏளனம் செய்தனர், அதற்குப் பிறகே தலையை வெட்டினர். நான் புனைவு என்று ஒதுக்கிய வரிசை அப்படியே எலும்பில் இருந்தது.

உற்சாகத்தில், கதை முழுவதும் உண்மை என்று மாற்றி எழுதத் தொடங்கினேன். அறைத்தோழி எட்டிப் பார்த்துக் கேட்டாள்: "அப்போ ஊற்று பொங்கினதும் உண்மையா?" சிரித்துவிட்டேன். ஆனால், கை நின்றுவிட்டது. முதலில் எல்லாவற்றையும் ஒதுக்கினேன். இப்போது எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்கிறேன். இரண்டு முறையும் நான் செய்தது ஒரே தவறு.

அந்த எலும்புகள் ஒரு மனிதர் எப்படி இறந்தார் என்பதைச் சொல்கின்றன. அவர் நீதிமானா, ஏழைகளிடம் இரக்கம் காட்டினாரா என்பதைச் சொல்லவில்லை. பாப்பரசர் மூன்றாம் அலெக்சாண்டர் 1170களின் தொடக்கத்தில் சுவீடனுக்கு எழுதிய கடிதம் ஒன்றில், குடிபோதையில் கொல்லப்பட்ட ஒருவரைப் புனிதராக வணங்குவதைக் கண்டித்தார். அது எரிக்கைப் பற்றியதே என்று கருதும் வரலாற்றாய்வாளர்கள் உள்ளனர். புனிதரா, குடிகாரரா? எந்த ஆய்வுக்கூடமும் இதற்கு விடை தராது. பாப்பரசர் எவரும் எரிக்கை முறைப்படி புனிதராக அறிவித்ததும் இல்லை. அந்தப் பட்டத்தைக் கொடுத்தவர்கள் மக்களே.

இன்னொன்றும் உறுத்தியது. 1290களில் அந்நூல் எழுதப்பட்டபோது எலும்புகள் ஏற்கெனவே பேழையில் இருந்தன. எழுதியவரோ, அவருக்குக் கதை சொன்னவர்களோ அந்த வெட்டுகளைப் பார்த்திருந்தால்? இரண்டு சான்றுகள் ஒத்துப்போகின்றன என்பதாலேயே அவை ஒன்றையொன்று சாராதவை என்று ஆகிவிடாது. இதையும் சேர்த்தே ஒப்படைப்பைத் திருத்தி எழுதினேன்.

நோக்கம் உள்ளவர் எழுதியதிலும் உண்மை இருக்கலாம். ஒரு செய்தி உண்மை என்பதால் அதன் பக்கத்திலுள்ள செய்தியும் உண்மையாகிவிடாது. ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகத்தான் கேள்வி கேட்க வேண்டும். இதில் நேரம் அதிகம் செலவாகும்; சூத்திரம்போல் கைக்கு அடக்கமாகவும் இருக்காது.

அடுத்த தேர்வில் "நம்பத்தக்கதா?" என்ற கேள்வி வரும்போது, ஆம் அல்லது இல்லை என்று எழுதும் முன் ஒரு நொடி நில்லுங்கள். "எதை?" என்று திருப்பிக் கேளுங்கள். விடை அங்கிருந்துதான் தொடங்குகிறது.