குதிரையின் வாயும் சவாரிக்காரன் கையும்

பீமா நதிக்கரைச் சிறு குதிரைகளின்மீது ஏறி மராத்தியப் படைகள் தக்காணம் முழுவதும் சுற்றிவந்த காலம் மறைந்து, அந்தப் பீம்தடி இனம் தன்கர் இடையர்களின் மூட்டை முடிச்சுகளைச் சுமந்து பிழைக்கும் இந்நாளிலும், புனே நகரம் குதிரையை மறந்துவிடவில்லை. மழைக்காலம் பிறந்ததும் மும்பைப் பந்தயக் குதிரைகள், 1830-இல் அமைந்த புனே மைதானத்துக்குக் குடிபெயர்கின்றன. கடக்வாசலாவில் தேசியப் பாதுகாப்பு அகாடமியின் மாணவர்கள் இன்றும் குதிரையேற்றம் பழகுகிறார்கள். இத்தனை குதிரைகளுக்கும் முதலில் கற்பிக்கப்படும் வித்தை ஓட்டமுமன்று, தாண்டுதலுமன்று. வாயில் ஓர் இரும்புத் துண்டைச் சம்மதத்துடன் ஏற்றுக்கொள்வதேயாகும்.

ஐந்நூறு கிலோ எடையுள்ள ஒரு பிராணியை மனிதன் இரண்டு தோல் வார்களால் நடத்திச் செல்கிறான் என்றால், அதற்குக் காரணம் அவனுடைய புஜபலம் அன்று. மேலும் கீழும் ஆறாறாக அமைந்த முன்பற்களுக்கும் உள்ளே தள்ளியிருக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே, ஆண் குதிரைக்கு முளைக்கும் கோரைப்பல்லைத் தவிர, பல்லே இல்லாத ஓர் இடைவெளி உண்டு. கடிவாள இரும்பு நாக்கின் குறுக்காகக் கிடந்து, இருபுறமும் அந்த இடைவெளியில் படிகிறது. மெல்லிய சவ்வுக்குக் கீழே அங்கே நேராக எலும்புதான். அங்கே விழும் அழுத்தம் மனிதனுக்கு அற்பமாகத் தோன்றலாம். குதிரைக்கு அது அற்பமன்று. கடைவாய்ப் பல்லுக்குச் சற்று முன்னால் சில குதிரைகளுக்கு முளைக்கும் சிறு எச்சப்பல்லையும் மருத்துவர் பார்த்து, தேவையானால் எடுத்துவிடுகிறார். இரும்பு அதில் இடித்தால் எந்தக் குட்டியும் இணங்காது. பயிற்சியாளரோ பிடிவாதம் என்று அதன்மேல் பழி போட்டுவிடுவார்.

பந்தயக் குட்டிக்கு இரண்டு வயது நிரம்பும் முன்பே இந்த அப்பியாசம் தொடங்கிவிடுகிறது. லாயத்தில் அதன் இடப்புறம் நின்ற சயிஸ் என்னும் குதிரைப் பராமரிப்பாளர், வலக்கையால் தலைவாரை நெற்றியருகே தாங்கி, இடது உள்ளங்கையில் இரும்பை ஏந்தி, கட்டைவிரலைப் பல்லற்ற இடைவெளியில் மெல்ல நுழைத்து, வாய் தானாகத் திறக்கும் கணத்தில் இரும்பை உள்ளே விடுவார். பல்லில் அது ஒருமுறை ‘டக்’கென்று மோதிவிட்டால், மறுநாள் குட்டி தலையை எட்டாத உயரத்துக்குத் தூக்கிக்கொள்ளும். ஆகையால் குளிர்காலக் காலைகளில் இரும்பைக் கையில் தேய்த்து வெதுவெதுப்பாக்குவதுண்டு. வெல்லப்பாகு தடவிக் கொடுப்பதுமுண்டு. நடுவே சிறு தகடுகள் தொங்கும் கடிவாளத்தைச் சிலர் முதலில் பூட்டுகிறார்கள். குட்டி அவற்றை நாக்கால் உருட்டி விளையாட, எச்சில் ஊறி, தாடை இளகும். வாய் ஈரமாக இருப்பது நல்ல சகுனம். வறண்டு இறுகிய வாய் பயத்தின் அறிகுறி.

பிறகு வருவது வாரின் பாடம். பயிற்சியாளர் முதுகில் ஏறாமல், நீண்ட வார்களைப் பிடித்துப் பின்னால் நடந்தபடியே நிற்கவும் திரும்பவும் கற்பிக்கிறார். இதில் சூட்சுமம் இழுப்பதில் இல்லை, விடுவதில் இருக்கிறது. குதிரை இணங்கிய அதே நொடியில் அழுத்தம் நீங்கினால்தான் தான் செய்தது சரி என்று அதற்குப் புரியும். ஒரு நொடி தாமதித்தால் வேறெதையோ கற்றுக்கொள்ளும். சவாரி தொடங்கிய பின்னரும் வார் தொய்ந்து ஆடக் கூடாது, விறைத்து நிற்கவும் கூடாது. நடக்கும்போது குதிரையின் தலை ஒவ்வோர் அடிக்கும் முன்னும் பின்னும் அசைகிறது. சவாரிக்காரனின் முழங்கை அந்த அசைவோடு திறந்து மூடாவிட்டால், ஒவ்வோர் அடியிலும் எலும்பின்மீது ஓர் இடி விழும்.

இந்தப் பாடம் மிகக் கடினமாவது பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்றுச் சவாரிப் பள்ளிகளுக்கு வந்துசேரும் குதிரைகளிடத்தில்தான். மைதானத்தில் ஜாக்கி வாரை இறுக்கிப் பிடிக்க, குதிரை அந்தப் பிடியின்மேல் சாய்ந்து பாய்வதே வழக்கம். வார் இறுகினால் அது ஓட்டத்துக்கு ஆயத்தம் என்றே அது கற்றிருக்கிறது. அத்தகைய குதிரையின் மீது பயந்த மாணவன் ஒருவன் ஏறி, நிறுத்தும் பொருட்டு இரண்டு கைகளாலும் இழுத்தானானால், அது கீழ்ப்படிதலின் காரணமாகவே வேகத்தை அதிகரிக்கிறது! குதிரை பேரில் குற்றம் சொல்ல நியாயமில்லை. மீண்டும் நடையிலிருந்து தொடங்கி, வட்டங்களில் திருப்பி, அழுத்தமும் விடுதலையுமாக மாதக்கணக்கில் பழக்கி, பழைய அர்த்தத்தை அழித்துப் புதிய அர்த்தத்தை எழுத வேண்டியிருக்கிறது.

கடினமான இரும்பால் இதைச் சுருக்கிவிடலாம் என்று நினைப்பவர்கள் எக்காலத்திலும் உண்டு. கல்யாண ஊர்வலக் குதிரைகளின் வாயில் காணப்படும் முள்வைத்த கடிவாளம் அந்த எண்ணத்தின் விளைவே; சுமை மற்றும் பொதி விலங்குகளுக்கான 1965-ஆம் ஆண்டு விதிகள் அதை வெளிப்படையாகத் தடை செய்கின்றன. முள்ளுக்கு அஞ்சி, மோவாயை மார்பில் ஒடுக்கி, இரும்பிலிருந்து விலகிப் பின்வாங்கும் குதிரை பார்வைக்குப் பரம சாதுவாகத் தெரியும். ஜனங்கள் அதன் வளைந்த கழுத்தைக் கண்டு பாராட்டுவார்கள். தேர்ந்த கண்ணோ வார் வெறுமையாய்த் தொங்குவதைக் கவனிக்கும். அந்தக் குதிரை கையை நம்பவில்லை, கைக்குத் தப்பி ஒளிந்துகொண்டிருக்கிறது.

ஆகவேதான் நல்ல பள்ளிகளில் புதிய மாணவனிடம் உடனே வாரைக் கொடுப்பதில்லை. ஆசிரியர் நீண்ட கயிற்றால் குதிரையை வட்டமாகச் சுற்றவிட்டு, அதன் கழுத்தில் ஒரு தோல்வாரைக் கட்டி, தடுமாறினால் அதைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறார். உடல் குலுங்கினாலும் கை குலுங்காத நிலை வந்த பிறகே, கடிவாள வார் அவன் விரல்களுக்கு வருகிறது.