புதர் ஒருவருடையது, இழப்பு மற்றவருடையது

பண்ருட்டிப் பகுதி முந்திரித் தோப்புகளில் கோடை அறுவடைக்கு முன் மரத்தடியைச் சுத்தம் செய்வார்கள். கொட்டை பொறுக்க எளிது, தீயும் பரவாது. சிக்கல், உரிமையாளர் வெளியூரில் வாழும் தரிசு நிலங்களில்தான். கடலூர் தொடங்கிச் சிதம்பரம் வரை அத்தகைய நிலங்களில் சீமைக் கருவேலமும் காய்ந்த புல்லும் மண்டுகின்றன. அங்கே தீப்பற்றினால் இழப்பு அவருக்கல்ல. பக்கத்துத் தோப்புக்கும் கூரை வீட்டுக்கும்தான். நான் வகுப்பறையில் விளக்கிய 'புறவிளைவு' என்னும் பொருளியல் கருத்து இதுவே.

2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணியில் காய்ந்த புல்லில் பரவிய தீ 20-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. காடுகளில் வனத்துறை தீத்தடுப்புக் கோடுகள் அமைக்கிறது. அதுபோல ஊராட்சிகள் மாசிக்குள் தரிசு நிலங்களின் எல்லையோரப் புதரை வெட்டி அகற்றி, செலவை உரிமையாளரிடம் வசூலிக்க வேண்டும். கருவேல விறகுக்கும் கரிக்கும் சந்தை உண்டு. செலவில் ஒரு பகுதி அதிலேயே திரும்பும்.