உவர் நீரில் தக்காளி

காவிரியின் கடைமடையில் வாழும் நம் அங்கத்தினர் பலருடைய கிணறுகளில் நீர் அற்றுப்போவதில்லை. ஆனால் சித்திரை பிறந்ததும் அந்நீர் வாயில் வைக்கவொண்ணாத அளவு உவர்த்துவிடுகிறது. அரசலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, திருமலைராயனாறு ஆகியவற்றில் நன்னீர் வரத்துக் குறையும்போதெல்லாம் கடல்நீர் முகத்துவாரத்தின் வழியே மேலேறுவதை யாவரும் அறிவர். காவிரி நடுவர் மன்றம் 2007-ஆம் ஆண்டில் புதுச்சேரி ஆட்சிப்பகுதிக்கு ஒதுக்கிய 7 டி.எம்.சி. நீரையே 2018-இல் உச்சநீதிமன்றமும் உறுதி செய்தது. அதற்குமேல் வரும் என்று எதிர்பார்த்துத் திட்டமிடுதல் அறிவுடைமையாகாது. ஆகவே இருக்கின்ற உவர் நீரைக்கொண்டு யாதேனும் விளைவிக்க இயலுமா என்னும் கேள்வி எழுவது இயல்பே. மண்ணே இல்லாமல், உரம் கரைத்த நீரில் தக்காளி வளர்க்கும் முறையைப்பற்றிப் பலரும் பேசுவதால், கடன் வாங்கிக் கொட்டகை போடுவதற்கு முன்னர் அதன் நன்மை தீமைகளை ஆராய்வது நம் கடமை.

மண்ணில்லாப் பயிர்முறை புதியதன்று. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் கெரிக்கே என்பார் 1929-ஆம் ஆண்டிலேயே தொட்டிகளில் உரக்கரைசலை நிரப்பித் தக்காளி வளர்த்துக் காட்டினார். நம் நாட்டில் ஷோல்ட்டோ டக்ளஸ் என்பவர் 1946-இல் வங்காளத்துக் காலிம்போங் பகுதியில் சோதனைகளைத் தொடங்கி, 1951-இல் தம் முறையை நூலாகவும் வெளியிட்டார். விலையுயர்ந்த கருவிகள் ஏதுமின்றி, கற்பொடியும் சரளையும் நிரப்பிய தொட்டியில் உரத்தைத் தூவி நீர் ஊற்றும் எளிய முறை அது. இன்று விளம்பரங்களிற் காணும் குழாய்களும் மோட்டார்களும் இம்முறைக்கு இன்றியமையாதவை என்று எண்ணிவிடக்கூடாது.

உப்பு செடிக்கு ஏன் பகையாகிறது? ஊறுகாய்க்கென நறுக்கிய மாங்காய்த் துண்டில் உப்பைப் பிசறி வைத்தால் சிறிது நேரத்தில் அது நீர் விட்டுச் சுருங்குகிறது. வேரின் நிலையும் ஏறக்குறைய அதுவே. புறத்தே உப்பு மிகுந்தால், நீர் சூழ்ந்திருக்கவும் வேரால் அதை எளிதில் உறிஞ்ச முடிவதில்லை; செடி தாகத்தால் வாடுகிறது. அதனோடு, உப்பிலுள்ள சோடியம் செடிக்கு வேண்டிய பொட்டாசியமும் சுண்ணாம்புச் சத்தும் உட்புகுவதைத் தடுக்கிறது.

நீரில் எவ்வளவு உப்பு உள்ளது என்பதை மின்சாரம் பாயும் திறனைக்கொண்டு அளப்பார்கள். இதன் அளவைக்கு டெசிசீமன்ஸ் என்று பெயர். ஓர் அளவு என்பது லிட்டருக்கு ஏறக்குறைய 0.64 கிராம் உப்பு. கடல்நீர் ஏறத்தாழ 50 அளவு காட்டும். அமெரிக்க உவர்நில ஆராய்ச்சியாளர்களாகிய மாஸ், ஹாஃப்மன் இருவரும் 1977-இல் வெளியிட்ட அட்டவணைப்படி, தக்காளிக்கு வேர் மண்ணின் உப்பு 2.5 அளவு வரை தீங்கில்லை. அதன்பின் ஒவ்வோர் அளவுக்கும் மகசூலில் நூற்றுக்குப் பத்து வீதம் குறையும். நெல்லுக்கு அவ்வெல்லை 3. அதைத் தாண்டினால் குறைவு நூற்றுக்குப் பன்னிரண்டு. கடல்நீரை அப்படியே பாய்ச்சித் தக்காளி எடுக்கலாம் என்று எவரேனும் கூறினால் அவரிடம் நிற்கவேண்டியதில்லை என்பது இதனால் விளங்கும். ஒருசிலர் மறந்துவிடும் மற்றொன்றும் உண்டு. நாம் கரைத்து ஊட்டும் உரமும் உப்பே. சாதாரண உரக்கரைசலே 2 அளவு காட்டும். கிணற்று நீர் 4 அளவாக இருந்து, அதில் உரத்தையும் கரைத்தால் செடி 6 அளவைத் தாங்கவேண்டியதாகிறது. உவர்ந்த கிணற்று நீரில் சுண்ணாம்பும் மக்னீசியமும் முன்னரே ஓரளவு கரைந்திருக்குமாதலால், நீரைப் பரிசோதித்து அவ்வுரங்களைக் குறைத்தால் இச்சுமை சற்றுத் தணியும்.

அப்படியானால் மண்ணை விட்டுத் தொட்டிக்குச் செல்வதில் என்ன பயன்? மண்ணில் ஏறிய உப்பு எளிதில் இறங்குவதில்லை. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை நம் கரையோர வயல்களில் புகுந்தபோது, அவ்வுப்பைக் கழுவ நன்னீரும் மழையுமே வேண்டியிருந்தன. ஏக்கர்க்கணக்கான நிலத்தைக் கழுவும் அளவு நன்னீர் நமக்கு எப்போதும் கிட்டுவதன்று. எட்டுப் பத்து லிட்டர் கொள்ளும் பையில் ஒரு செடி நின்றால், அதில் தேங்கிய உப்பைச் சில குடம் நீரால் ஒரே நாளிற் கழுவிவிடலாம். நம் கணிப்பில் இம்முறையின் மெய்யான இலாபம் இதுவே. நீர் மிச்சப்படுவது அதற்கு அடுத்ததே.

மிதமான உப்பினால் ஒரு நன்மையும் விளைகிறது. நீர் குறைவாக உட்செல்வதால் பழம் சிறுத்து, அதன் சர்க்கரையும் புளிப்பும் செறிகின்றன. ஜப்பானில் குமமோட்டோ மாகாணத்து யட்சுஷிரோப் பகுதியில், கடலை மீட்டெடுத்த உப்பேறிய நிலங்களில் விளையும் சிறு தக்காளிகள் 'உப்புத் தக்காளி' என்னும் பெயருடனேயே உயர்ந்த விலைக்குப் போகின்றன. இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்திலும் ஆழத்து உவர் நீரைச் சொட்டுச் சொட்டாகப் பாய்ச்சி இனிப்பு மிகுந்த தக்காளியை விளைவித்து அயல்நாடுகளுக்கு அனுப்புகிறார்கள். ஆனால் அங்கே இனிப்புக்கு விலை கொடுப்பார் உண்டு. நம் சந்தையில் தக்காளி எடைக்கு விற்கிறது. சாம்பாருக்கும் ரசத்துக்கும் வாங்குகிறவர் பழத்தின் இனிப்பை அளந்து பார்ப்பதில்லை. 2023-ஆம் ஆண்டு ஜூலையில் விலை கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, தமிழ்நாட்டில் நியாயவிலைக் கடைகள் வழியே 60 ரூபாய்க்கு விற்கும்படி ஆனதும் உண்மை. பறிகூலிக்கும் கட்டாமல் வயலிலேயே பழத்தை விட்டுவிடும் பருவங்கள் உண்டு என்பதும் உண்மை. எடை குறைந்த சிறு பழத்தை நல்ல விலைக்கு ஏற்கும் வாடிக்கையாளரை முன்னதாகவே தேடிக்கொள்ளாதவர் இதில் இறங்குவது நஷ்டத்தில் முடியும். தனியொருவர் தேடுவதைவிடப் பத்துப்பேர் சேர்ந்து, தரம் பிரித்து, ஒரே பெயரில் விற்பது எளிது என்பதை நம் நெசவாள அன்பர்களுக்குச் சொல்லவேண்டுவதில்லை.

பருவத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே கூறவேண்டும். தக்காளி மிதமான வெப்பத்தை விரும்பும் செடி. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினாலும், இரவில் வெப்பம் தணியாவிட்டாலும் மகரந்தம் பழுதுபட்டுப் பூக்கள் உதிரும். சித்திரை, வைகாசியில் நம் ஊரில் இரண்டும் நேர்கின்றன. கிணற்று நீர் மிகவும் உவர்ப்பதும் அப்போதே. ஐப்பசி, கார்த்திகையில் நீர் நன்றாக இருக்கும். புயலும் பெருமழையும் செடியை விடமாட்டா. எனவே கார்த்திகைக் கடைசியில் கூரையின்கீழ் நாற்று விட்டு, மார்கழி நடுவில் பைகளுக்கு மாற்றி, மாசியில் பறிக்கத் தொடங்கிப் பங்குனிக்குள் முடித்துக்கொள்வதே தக்கது. முளையும் இளஞ்செடியும் உப்புக்கு மிகவும் அஞ்சும். காய்த்த செடி சற்றுத் தாங்கும். ஆதலால் நட்டபின் ஒரு மாதம் மழைநீரையே ஊற்றி, இரண்டாம் கொத்துப் பிஞ்சு விட்டபின் கிணற்று நீரைச் சிறுகச் சிறுகக் கூட்டலாம்.

மழைநீர் எவ்வளவு வேண்டும்? ஆயிரம் சதுர அடிக் கொட்டகையில் இருநூறு செடிகள் வைப்பதாகக் கொள்வோம். வடிந்து போவதையும் சேர்த்துச் செடிக்கு நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் வீதம் 300 லிட்டர். தொண்ணூறு நாட்களுக்கு 27,000 லிட்டர். இதிற் பாதி மழைநீராயின் 13,500 லிட்டர். ஆயிரம் சதுர அடிக் கூரையின்மேல் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் 93 லிட்டர் கிடைக்கும். எனவே 145 மில்லிமீட்டர் மழையைப் பிடித்தாற் போதும். நம் வடகிழக்குப் பருவமழை இதனைச் சில நாட்களிலேயே தந்துவிடக்கூடியது. கடினம் மழையில் இல்லை; அந்நீரைத் தேக்கும் தொட்டியின் செலவிலேயே இருக்கிறது. 4 அளவு உவர் நீரில் சரிபாதி மழைநீர் கலந்தால் 2 ஆகும். உரத்துடன் 4 ஆகும். அந்நிலையில் மகசூலில் பத்தில் ஒரு பங்கோ அதற்குச் சற்று மேலோ குறையும் என எதிர்பார்க்கலாம்.

பைகளில் நிரப்பத் தென்னை நார்க்கழிவு நமக்கு எளிதிற் கிடைப்பது. ஆனால் உப்பங்கழிகளில் ஊறவைத்த மட்டையின் கழிவானால் அதுவே உப்பு நிறைந்திருக்கும். நல்ல நீரில் பலமுறை கழுவி, கால்சியம் நைட்ரேட்டுக் கரைசலில் ஒருநாள் ஊறவைத்து மீண்டும் கழுவினாலன்றி அதனைப் பயன்படுத்தலாகாது. உவர் நீரில் வளரும் செடிகளிற் காயின் நுனி கருத்து, தோல்போல் அமுங்கிவிடும் கோளாறும் அடிக்கடி நேரும். இது பூச்சியன்று, பூசணமுமன்று. சுண்ணாம்புச் சத்து பிஞ்சை எட்டாமையே. மருந்து தெளித்துப் பணத்தை வீணாக்காமல், உப்பைக் குறைத்து, வெயில் நேரத்தில் நீரைச் சிறிது சிறிதாகப் பலமுறை கொடுக்கவேண்டும்.

இனி, நாம் மிகவும் அஞ்சும் விஷயத்துக்கு வருவோம். பையிலிருந்து வடியும் நீர் எங்கே போகும்? உரத்தைச் செடி உண்ணும். கறியுப்பை மிகச் சிறிதே உண்ணும். மேற்சொன்ன கணக்கில் ஒரு பருவத்தில் கிணற்று நீரோடு வந்து சேரும் உப்பு சுமார் 35 கிலோ. ஊற்றியதில் கால்பங்கு வடிகிறதென்றால், அவ்வுப்பில் பெரும்பகுதி அந்த ஏழாயிரம் லிட்டருக்குள் ஒடுங்கி லிட்டருக்கு ஐந்து கிராமாகச் செறிந்திருக்கும். அதை வாய்க்காலில் விட்டால் அடுத்தவர் நெல்வயல் கெடும். உப்பு மறைவதில்லை, இடம் மாறுகிறது. சாயத்தை நூலில் ஏற்ற உப்பு இடும் நம் நெசவாளருக்கு இது தெரிந்த கதையே. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு நொய்யலில் கலந்து, சென்னிமலைக்கு அருகே பாசனத்துக்கெனக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையே உழவருக்குப் பயன்படாமற் போயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் அப்பட்டறைகளை மூட ஆணையிடும் வரை வழக்கு நீண்டது. நெய்பவரும் விளைப்பவரும் ஒரே சங்கத்தில் இருக்கும் நாம் அதே பிழையைத் தக்காளியின் பெயரால் செய்யலாகாது. வடிநீரைத் தனிக்குழியில் சேர்த்து வெயிலில் வற்றவிடலாம். உமரி போன்ற உப்புச் செடிகள் தாமே முளைக்கும் கழிமுகத் திடல்களுக்குக் கொண்டுபோகலாம். குழி வெட்ட இடமில்லாதவருக்குக் கடன் வழங்காதிருப்பதே முறை என்பது நம் கருத்து.

உப்பைத் தாங்கும் புதிய இரகங்கள் வரும்வரை காத்திருக்கலாமே என்பாரும் உளர். கலபகோஸ் தீவுகளிற் கடலோரம் வளரும் காட்டுத் தக்காளியைக்கொண்டு எப்ஸ்டீன் என்னும் அறிஞர் 1970-களிலேயே ஆய்வு செய்தார். 2001-இல் புளும்வால்டு என்பவரும் அவர்தம் துணைவரும், உப்பை இலையில் ஒதுக்கிவைத்துப் பழத்தில் சேரவிடாத செடியை மரபணு மாற்றத்தால் உருவாக்கினர். வியக்கத்தக்கவையே; ஆயினும் அவ்விதை நம் கடைகளுக்கு வரவில்லை.

விருப்பமுள்ள அங்கத்தினர் இவ்வாண்டு இருபது பைகளுக்குமேல் வைக்கவேண்டாம். கிணற்று நீரை ஐப்பசி, தை, சித்திரை என மூன்று வேளைகளில் எடுத்து, மாதூர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ செருமாவிலங்கை வேளாண் கல்லூரியிலோ காட்டி யோசனை கேட்கலாம். உப்பளக்கும் சிறு கருவியொன்றை ஐந்தாறு பேர் சேர்ந்து வாங்கிக்கொள்ளலாம். பத்துப் பைகளுக்கு மழைநீரும் மற்றப் பத்துக்குக் கலந்த நீரும் ஊற்றி, பறித்த பழத்தின் எடையையும் விற்ற விலையையும் வடிநீரின் அளவையும் நோட்டுப்புத்தகத்தில் நாள்தோறும் குறித்துவரவேண்டும். கடன் மனுவுடன் அந்நோட்டையும் வைத்தால், மனுவைப் பரிசீலிப்பது எளிதாகும்.